கைக்குட்டை எடுத்ததால் ஃபெயில்

அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உன் தங்கச்சியும் நலம். நீ நலமா என்று கேட்டுவிட்டு வழக்கம்போல் அடுத்த வரிக்குத் தாவ மாட்டேன், ஏனென்று பிறகு சொல்கிறேன்.

என் பரீட்சை என்ன ஆச்சு என்று கேட்டிருந்தாய். ஃபெயில்! எழுத்துத் தேர்வில் இல்லை, செய்முறையில். எட்டு வருஷமாக மனநலக் காப்பகத்தில் படுக்கை விரித்து, மாத்திரை வேளைக்குத் தண்ணீர் நீட்டுகிறேன். இந்தப் பயிற்சியை முடித்தால்தான் ஆதரவுப் பணியாளராகி அங்கே இருப்பவர்களோடு உட்கார்ந்து பேச விடுவார்கள், அதற்காகத்தான் இந்த வயதில் நோட்டும் பேனாவுமாக அலைகிறேன். செய்முறையில் பயிற்சி டீச்சரே துக்கத்தில் இருக்கும் பெண்ணாக நடித்தாள், உன் தங்கச்சி வயசுதான் இருக்கும். அப்பப்பா, என்ன நடிப்பு! நிஜமாகவே கண்ணீர். எனக்கு மனசு கேட்கவில்லை, எழுந்து போய் என் கைக்குட்டையால் துடைத்துவிட்டு, அழாதம்மா, எல்லாம் சரியாயிடும் என்றேன். அவ்வளவுதான், கதை முடிந்தது. அவள் தன்மையாகத்தான் சொன்னாள், அவங்க அழுது முடிக்கட்டும்க்கா, நீங்க துடைச்சா, அழுதது போதும் நிறுத்துன்னு சொன்ன மாதிரி ஆயிடும் என்று. எனக்கு வந்ததே கோபம், ரெண்டு பிள்ளை வளர்த்தவளுக்கு இவள் பாடம் எடுக்கிறாளா என்று வீட்டுக்கு வந்து பாத்திரத்தையெல்லாம் உருட்டினேன். உன் அப்பா சும்மா இருப்பாரா? முப்பது வருஷமா என்னை ஒரு பேச்சை முழுசா முடிக்க விட்டதில்ல, இப்பத்தான் கண்டுபிடிச்சாங்களா என்று சிரிக்கிறார்.

அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. போன மாசம் நீ போன் பண்ணி, அம்மா, அவ என்னை விட்டுட்டுப் போயிட்டாம்மா, இனி வரமாட்டாளாம் என்று ஆரம்பித்தாய், குரல் உடைந்தது. நான் என்ன செய்தேன்? அழாதடா, எல்லாம் சரியாயிடும், சாப்பிட்டியா என்றேன். நீ சரிம்மா என்று வைத்துவிட்டாய். அன்றிலிருந்து நீ விரும்பிய அந்தப் பெண்ணின் பேச்சையே எடுப்பதில்லை, எப்போது கேட்டாலும் நல்லா இருக்கேன் என்கிறாய். உன் வாயை நானே அடைத்துவிட்டேன் கண்ணா. என்னை மன்னிச்சுக்கோ.

அடுத்த வாரம் வியாழக்கிழமை மறுதேர்வு. உன் தங்கச்சியை எதிரே உட்கார வைத்து, கையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருக்கப் பழகுகிறேன், மூணு நிமிஷத்தில் எனக்கு நாக்கு நமநமக்கிறது, அவளுக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. எப்படியும் தேறிவிடுவேன். ஆனால் அதற்கு முன்னால் நீ ஞாயிற்றுக்கிழமை காலையில், அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போகும் நேரத்தில், போன் பண்ணு. அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து சொல்லு. அழுகை வந்தால் அழு.

நீ நன்றாக இருப்பாய் ராஜா, அம்மா மனசார வாழ்த்துகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு, இதை மட்டும் எழுதாமல் இருக்க முடியவில்லை. இன்னொன்று, மறந்துவிடாதே. என் பக்கம் சத்தமே இல்லை என்றால் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடாதே. நான் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன்.

உன் அம்மா