மூடியில் எழுதிய எண்

அன்பு மகளுக்கு,

நானும் அப்பாவும் நலம். அப்பாவின் முழங்கால் மட்டும் யார் பேச்சையும் கேட்பதில்லை, மற்றபடி ஒரு குறையும் இல்லை. நீ நலமாகத்தான் இருப்பாய் என்று நேற்று வந்த செய்தியிலேயே தெரிகிறது, ஆனாலும் நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்காமல் எனக்கு ஒரு கடிதத்தைத் தொடங்க வராது. வேலை நிரந்தரமாகிவிட்டது என்ற அந்த ஒரு வரியை அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒருமுறை, கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஒருமுறை, என்னைச் சத்தமாகப் படிக்கச் சொல்லி ஒருமுறை என்று மூன்று தரம் உறுதி செய்துகொண்டார். அப்புறம்தான் எனக்கு மூச்சே வந்தது. ஆறு வாரமாக வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு இருந்தவள், மத்தியானம் பாத்திரத்தைக்கூடக் கழுவாமல் அடித்துப்போட்டதுபோல் தூங்கினேன்.

நீ செய்தி அனுப்பியது அப்பாவின் போனுக்கு, விவரம் எல்லாம் சொன்னதும் அவரிடம்தான். எனக்குத் தெரியாமல் இல்லை. உன் கோபம் நியாயமான கோபம், அதனால்தான் போனில் கூப்பிடாமல் எழுதுகிறேன். அன்றைக்கு நீ என்னிடம் சொன்னது இப்போதும் காதில் நிற்கிறது. உன் ஒன்பது ஆய்வுக் கட்டுரைகளில் எதனால் உனக்குப் பேர் வந்ததோ அந்த ஐந்தாவது கட்டுரையே தப்பு என்றாய். வேறொரு ஆய்வகத்தில் உன் சோதனையைத் திரும்பச் செய்தவர்கள், எங்களுக்கு இந்த முடிவு வரவில்லையே என்று எழுதிக் கேட்டதும், உறைபெட்டியில் கிடந்த பழைய குப்பிகளை எடுத்து நீயே சோதித்திருக்கிறாய். ஒரு குப்பியில் மரபணுவை நீக்கிய செல், இன்னொன்றில் நீக்காத செல். இரண்டின் மூடியும் என்றோ இடம் மாறியிருந்தன. பேரை நீ மூடியில்தானே எழுதியிருந்தாய். நாலு வருட உழைப்பு தலைகீழாகிவிட்டது. அதை வெளியிட்ட இதழுக்கு எழுதி அந்தக் கட்டுரையைத் திரும்பப் பெறப்போகிறேன் என்றாய். எனக்கோ, அடுத்த மாதம்தானே உன் வேலையை நிரந்தரமாக்குவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று பேச உட்காருகிறார்கள் என்பதுதான் முதலில் மண்டையில் ஏறியது. கொஞ்சம் பொறு, நிரந்தரமாகட்டும், அப்புறம் எழுதிக்கொள்ளலாம், அதற்குள் யாருக்குத் தெரியப்போகிறது என்று சொல்லிவிட்டேன். ‘நீயாம்மா இப்படிப் பேசற?’ என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்தாய். மறுநாளே இதழுக்கு எழுதிவிட்டாய். அப்பா ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாரே உன் கட்டுரைப் பட்டியல், அதில் ஐந்தாவதின் குறுக்கே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். ஒரு வாரத்துக்கு எனக்கு ஃபிரிட்ஜ் பக்கம் போகவே பிடிக்கவில்லை.

இப்போது உன் வேலையை முடிவு செய்த கூட்டத்தில் உன் பேராசிரியை பேசியதை அப்பா சொல்லக் கேட்டேன். ‘தப்புன்னு தெரிஞ்சதும் தானே வந்து சொன்னவ. அவளோட மத்த எட்டையும் நான் கண்ண மூடிக்கிட்டு நம்புவேன்’ என்றாராம். மகராசி, நன்றாக இருக்கட்டும். நான் சொன்னபடி நீ கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

நீ பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஆஸ்பத்திரி லேபில் நான் தற்காலிக வேலையில் இருந்தேன். ஊசியக்காவை உனக்கு நினைவிருக்கும், அவளைக் கண்டாலே சின்ன வயதில் நீ கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாய். அவள்தான் நோயாளிகளிடம் ரத்தம் எடுத்து, குழாயின் உடம்பில் சீட்டு ஒட்டிக் கொண்டுவருவாள். சோதனைக்காகக் குழாயைச் சுடுதண்ணீரில் நிறுத்தினால் சீட்டு உரிந்துவிடும் என்று நான் ரப்பர் மூடியில் எண் எழுதிக்கொள்வேன், என் கெட்டிக்காரத்தனம். ஒருநாள் இரண்டு மூடியை மாற்றிப் போட்டுவிட்டேன். முடிவைப் பார்த்த டாக்டர் இது பொருந்தவில்லையே என்று திருப்பி அனுப்பியதால் யாருக்கும் தப்பான மருந்து போகவில்லை, கடவுள் காப்பாற்றினார். ஆனால் அக்கா சீட்டைச் சரியாக ஒட்டவில்லை என்று அவளுக்கு மெமோ கொடுத்தார்கள், பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போயிற்று. நான் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் அந்த மாதம்தான் நிரந்தரமாவதாக இருந்தது. ஆகட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நானும் நினைத்தேன். நிரந்தரமாகி, ஓய்வும் பெற்றாயிற்று, அந்த அப்புறம் மட்டும் வரவேயில்லை. இது அப்பாவுக்குக்கூட நேற்றுவரை தெரியாது.

நேற்று தூங்கி எழுந்ததும் தலையை வாரிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இருக்கிறாள், படி ஏறியதில் எனக்கு மூச்சு வாங்கியது. உட்காரக்கூட இல்லை, நின்றபடியே சொல்லிவிட்டேன். ‘இதச் சொல்ல முப்பத்திமூணு வருஷமாச்சா உனக்கு?’ என்றாள். அவளுக்கு அன்றைக்கே தெரியுமாம். ‘அந்த லேப்ல மூடியில நம்பர் எழுதுற ஒரே ஆளு நீதானடி’ என்றாள். பின்னே ஏன் மேலே சொல்லவில்லை என்று கேட்டேன். ‘உனக்கு அப்ப எட்டு மாசம். வேலைய விட்டுத் தூக்கியிருந்தா வயித்துப் பிள்ளையோட எங்க போயிருப்ப? குழந்த பொறக்கட்டும், வந்து சொல்லுவ, அது ஸ்கூல்ல சேரட்டும், சொல்லுவன்னு பாத்துப் பாத்து எனக்குப் பல்லே போயிடுச்சு’ என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று, ‘மெமோ கூட வலிக்கலடி. தெனமும் எதிர்ல உக்காந்து என் டப்பாவுலேர்ந்து எடுத்துச் சாப்பிட்டியே, அதான் வலிச்சுது’ என்றாள். இரண்டு பேரும் வெட்கமில்லாமல் அழுதோம். அப்புறம் டீ போட்டாள். எனக்கு மனசு இப்படி லேசாக இருந்து எத்தனை காலமாயிற்று தெரியுமா!

உன்னைப் பற்றி எல்லாம் சொன்னேன். கட்டுரை எதுவும் அவளுக்கு வேண்டாமாம். திரும்பப் பெறுகிறேன் என்று நீ இதழுக்கு எழுதினாயே, அந்தக் கடிதத்தின் நகல்தான் வேண்டுமாம். அந்த மெமோவை இன்னும் வைத்திருக்கிறாள், அதோடு சேர்த்து வைத்துக்கொள்வாளாம். மறக்காமல் அனுப்பு.

நீ தொட்டதெல்லாம் துலங்கட்டும், உடம்பும் மனசும் தெம்பாக இருக்கட்டும். இனிமேல் பேரைக் குப்பியின் உடம்பிலேயே எழுது கண்ணு. மூடியில் எழுதுவது என்னிடமிருந்து உனக்கு வந்த பழக்கம், நம் வீட்டுச் சர்க்கரை டப்பாவிலும் உப்பு டப்பாவிலும் நான் எழுதியதைப் பார்த்து வளர்ந்தவள்தானே நீ. நேற்று இரண்டையும் அழித்து டப்பாவின் உடம்பிலேயே எழுதிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை என் போனுக்குக் கூப்பிடு. கோபம் தீரவில்லை என்றாலும் கூப்பிடு, கோபத்தோடேயே பேசு.

இப்படிக்கு,
உன் அம்மா