கழுத்து திரும்ப வேண்டும்

மார்ச் 3, திங்கள்

டிப்போவில் உடல்தகுதிச் சோதனைக்குத் தேதி போட்டுவிட்டார்கள். ஏப்ரல் பதினொன்று. என் கழுத்து இடப்பக்கம் திரும்புவதே இல்லை. போன வருடமே டாக்டர் முகம் சுளித்தார். இந்த முறை தேறாவிட்டால் பஸ்ஸிலிருந்து இறக்கி, பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளுக்குக் காவல் வைத்துவிடுவார்கள். ஸ்டியரிங்கை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?

மார்ச் 5, புதன்

மகள் போனில் ஒரு யோகா வாத்தியாரம்மாவின் வீடியோக்களைத் தேடிக் கொடுத்தாள். ஹாலில் சோபாவைத் தள்ளிவிட்டுப் பழைய போர்வையை விரித்தேன். குனிந்தால் கை முழங்காலோடு நின்றுவிட்டது. தரை சமமாக இல்லை என்றேன்.

"ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம்" என்றாள் மனைவி, காய் நறுக்கிக்கொண்டே.

மார்ச் 6

கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் தொடை வலியில் அழுகை வந்தது.

மார்ச் 10, திங்கள்

கடைசியில் கண்ணை மூடிப் பிணம்போல் கிடக்க வேண்டுமாம். இது ஒன்றுதான் எனக்கு உடனே வந்தது. மனைவி தட்டி எழுப்பினாள். "பிணம் குறட்டை விடாதுங்க."

மார்ச் 19, புதன்

உட்கார்ந்தபடி உடம்பைத் திருகிப் பின்னால் பார்க்கும் ஆசனம். எனக்கு வேண்டியதே இதுதான். துளி வலி இல்லை. ஜன்னல் ஓரம்கூடத் தெரிந்தது. தேறிவிடுவேன்.

மார்ச் 23, ஞாயிறு

மனைவி இன்று எதிரே உட்கார்ந்து பார்த்தாள். "கழுத்து எங்கங்க திரும்புது? கண்ணுதான் ஓரத்துக்குப் போகுது."

இல்லவே இல்லை என்று சண்டை போட்டேன். போனில் படம் எடுத்துக் காட்டினாள். மூக்கு நேராக இருக்கிறது, விழி மட்டும் காதோரம். காலமெல்லாம் கண்ணாடியைப் பார்த்தே வண்டி ஓட்டியவன் — பின்னால் பார் என்றால் கண்ணாடி மாட்டியிருக்கும் இடத்துக்குக் கண் போகிறது. வீட்டு ஹாலில் ஏது கண்ணாடி?

இத்தனை நாள் வீணாப் போச்சே! யாரை ஏமாத்தினேன்? டாக்டரையா, என்னையேவா?

"கண்ணைக் கட்டிக்கிட்டுச் செய்ங்க" என்றாள்.

மார்ச் 24, திங்கள்

துண்டால் கண்ணைக் கட்டிக்கொண்டேன். அவள் எனக்குப் பின்னால், இடப்பக்கமாக நின்றாள். "என் குரல் வர்ற பக்கம் மூக்கைக் கொண்டு வாங்க. அவசரம் வேண்டாம்." கழுத்துக்குள் மணல் அரைபடுவதுபோல் இருந்தது. பயமாக இருக்கிறது. தேதி நெருங்குகிறது.

மார்ச் 29, சனி

தினமும் கொஞ்சம் தள்ளி நின்று கூப்பிடுகிறாள். கூப்பிட்டுவிட்டுப் பேச்சை நிறுத்துவதில்லை. பால்காரர் வராதது, அவள் தங்கையின் கோபம், எல்லாம் கேட்கிறேன். இவ்வளவு நேரம் அவள் பேசி நான் கேட்டு எத்தனை காலமாயிற்று!

ஏப்ரல் 2

நேற்று மூக்கு பீரோ வரை. இன்று பீரோவைத் தாண்டி ஒரு சாண்.

ஏப்ரல் 11, வெள்ளி

டாக்டர் இடப்பக்கம் திரும்பச் சொன்னார். திரும்பினேன்.

"கண்ணை ஏன் மூடுறீங்க?"

"பழக்கம் சார்."

வலப்பக்க அளவுக்கு வரவில்லை. ஆனாலும் போதும் என்று கையெழுத்துப் போட்டார். ஆறு மாதத்தில் மறுபடி வர வேண்டும். மனைவிக்குப் போன் செய்து சொன்னேன். "சரி சரி, பார்த்து ஓட்டுங்க" என்று வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

கடைசி ஸ்டாப். ஆஸ்பத்திரி நர்ஸம்மா எப்போதும் பின்வாசல் வழியாகத்தான் இறங்குவார். அவர் இறங்கிவிட்டாரா என்று வழக்கமாகக் கண்ணாடியில் பார்ப்பேன். இன்று என்னையறியாமல் தலை திரும்பிவிட்டது. படியில் கால் வைத்தவர் அப்படியே நின்றார்.

"அண்ணே, உங்க முகம் இப்படியா இருக்கும்? இத்தனை வருஷமா உங்க பிடரியைத்தான் பார்த்திருக்கேன்."

வணக்கம் சொன்னேன்.