படையலில் ஒரு கட்டஞ்சாயா

பொழுது சாய்ந்தால் என்னைத் தேடும் அப்பாவுக்கு,

நேற்று உங்கள் முதல் வருஷத் திதி. உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டு, உங்களுக்குப் பிடித்ததையெல்லாம் ஆக்கி வைத்தோம். பட்டாளத்து உடுப்பில் இருக்கும் படம்தான் வேண்டும் என்று பெரியப்பா ஒற்றைக் காலில் நின்றார். எனக்கு அந்தப் படம் அவ்வளவாகப் பிடிக்காது. அந்த முகத்தோடு நீங்கள் லீவில் வந்த நாளெல்லாம் அம்மா அடுக்களையை விட்டு வெளியே வந்ததில்லை.

கும்பிடப் போகிற நேரத்தில் பெரியப்பா ஒரு ரம் பாட்டிலை எடுத்து இலையோரம் வைத்தார். மிலிட்டரி கேன்டீன் சரக்கு, யாரிடமோ சொல்லி வாங்கியிருக்கிறார். வேண்டாம் என்றேன்.

"உசுரோட இருக்கையில வாயைக் கட்டி வெச்சிருந்தான். இனியாச்சும் குடிக்கட்டும் சாமி" என்று அழுதுவிட்டார். அழுகிற மனிதரிடமிருந்து எப்படிப் பிடுங்க? அம்மா எழுந்து அடுக்களைக்குள் போய்விட்டாள்.

எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது அப்பா. பென்ஷனோடு வந்து, குடித்து விழுந்து, எப்படியோ எழுந்து, கேரள எல்லைக் கொழிஞ்சாம்பாறையில் குடியை விட வருகிறவர்களுக்குக் கவுன்சலிங் கொடுக்கும் ஆளாக ஆனீர்கள். அதற்குப் பிறகும், ஆசை போய்விட்டது என்று யாரிடமும் பொய் சொன்னதில்லை. நாக்கு கேட்கத்தான் செய்யும், கேட்கும்போது பக்கத்தில் ஒரு ஆளை வைத்துக்கொள் என்பீர்கள். உங்களுக்கு அந்த ஆள் நான். தோப்பெல்லாம் கள்ளு இறக்குகிற ஊரில், பொழுது சாயும் நேரம் பார்த்து, "இங்க வந்து உக்காரு சாமி" என்று கூப்பிடுவீர்கள். ஒன்றும் பேச மாட்டோம். பால் விடாத கட்டஞ்சாயா ஆறும்வரை உட்கார்ந்திருப்போம்.

அங்கேயும் நாக்கு கேட்கிறதா? அங்கே உங்கள் பக்கத்தில் யார் உட்காருகிறார்கள்?

அப்போதுதான் மருதாசலத்தைப் பார்த்தேன். நீங்கள் குடியிலிருந்து மீட்டெடுத்த முதல் ஆள், உங்களை எடுத்த அன்று என்னைவிட அதிகம் அழுதவர். பொள்ளாச்சி பஸ்ஸில் மாலையோடு வந்து இறங்கியவர், கேட்டுக்கு வெளியே வெயிலிலேயே நின்றார். போய், ஏன் உள்ளே வரவில்லை என்று கேட்டேன்.

"பாட்டில் இங்கிருந்தே தெரியுதுங்க. கும்புட்டு முடிச்சா படைச்சதை எல்லாத்துக்கும் குடுப்பாங்க அம்மிணி. அவரு படத்துக்கு முன்னாடி நின்னு வேண்டாம்னு சொல்ல எனக்குத் தெம்பு இருக்குதான்னு தெரியலைங்க" என்றார்.

உள்ளே வந்து பாட்டிலை எடுத்தேன். பெரியப்பா என் கையைப் பிடித்தார்.

"அப்பாவைத் தேடி வந்தவரு வாசல்லயே நிக்கறாருங்க பெரியப்பா" என்றேன். பிடி தளர்ந்தது. கொல்லையில் கவிழ்த்துவிட்டு வந்தபோது, அந்த இடத்தில் அம்மா ஒரு டம்ளர் கட்டஞ்சாயா வைத்திருந்தாள். மருதாசலம் உள்ளே வந்து மாலை போட்டார். சாயாவைத்தான் ஆளுக்கு ஒரு வாய் குடித்தோம். பெரியப்பா மட்டும் குடிக்கவில்லை. இன்னும் என்னோடு பேசவில்லை. பேசுவார்.

ஒருவேளை நீங்கள் நிஜமாகவே கேட்டு, நான் கொட்டிவிட்டேனோ என்று இன்று முழுக்க மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. இப்போதெல்லாம் பொழுது சாய்ந்தால் யாரும் கூப்பிடாமலே உங்கள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் உட்காருகிறேன். சாயா ஆறிவிடுகிறது. எழுந்திருக்கத்தான் மனசு வருவதில்லை.

நாக்கு கேட்டால் கூப்பிடுங்கள் அப்பா. பாட்டில் தர மாட்டேன். பக்கத்தில் வந்து உட்காருகிறேன்.

உங்கள் பக்கத்து ஆள்,
மகள் கனகா