கூடைக்குக் காய்ச்சல் வராது

டாக்டர்,

இவருடைய ரிப்போர்ட்டுகளை எடுத்துப்போக இன்று காலை ஒரு பை தேடினேன். பரணிலிருந்து அந்த மஞ்சள் ஒயர் கூடை கைக்கு வந்தது. உள்ளே ஒரு விபூதிப் பொட்டலம், சிவப்புப் பேனா, உங்கள் கிளினிக்கின் நீள நோட்டு. பிரித்ததும் ஸ்பிரிட் வாசனை வந்தது. இத்தனை நாள் கழித்தும் வாசனை நிற்குமா, இல்லை நானாக நினைத்துக்கொண்டேனா, தெரியவில்லை.

மந்தைவெளியில் உங்கள் ஒற்றை அறை கிளினிக் மாலை ஐந்து மணிக்குத் திறக்கும். நாலு மணிக்கே படியோரம் எதையாவது வைத்து இடம் பிடித்துவிட்டுப் போய்விடுவோம். செருப்பு, தண்ணீர் பாட்டில், ஒரு தடவை யாரோ வைத்த செங்கல்கூட. கம்பவுண்டர் வயதாகி நின்றுவிட்டார், நர்ஸ் துபாய்க்குப் போய்விட்டாள். ஒழுங்கு பார்க்க ஆளில்லாத வாசலில் சாமான்கள்தான் வரிசையில் நின்றன.

அன்று பிரதோஷம். எனக்கு வேண்டியது பிரஷர் மாத்திரைக்கு ஒரு சீட்டு, அவ்வளவுதான். முதல் ஆளாகக் கூடையை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். நந்திக்குப் பால் அபிஷேகம் ஆனதும் நெற்றி நிறைய விபூதியோடு ஓடி வந்தால், கூடையைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் மீன்காரம்மா உட்கார்ந்திருந்தாள்.

"இது என் இடம். கூடை வெச்சிருக்கேனே, தெரியலையா?"

"இன்னா மாமி, உன் கூடைக்கு ஜொரமா? அது சும்மாதான குந்தினு கீது. எனக்கு நெஞ்சை அடைக்குது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம். "எல்லாருக்கும்தான் அவசரம், எழுந்திரு" என்றேன். எழுந்தாள். செருப்பு, பாட்டில் எல்லாவற்றையும் தாண்டிக் கடைசியில் போய் நின்றவள், அப்படியே சுவரோடு சரிந்தாள்.

நீங்கள் ஓடி வந்தீர்கள். நாக்குக்கு அடியில் மாத்திரை வைத்து, நீங்களே ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனீர்கள். பிழைத்துக்கொண்டாள். சுவாமி தரிசனம் செய்த கையோடு நான் செய்த காரியம் அது. மறுநாள் திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்தேன்.

"மாமி, வீட்டுக்காரருக்கு ஜுரம்னா மணி, டிகிரி எல்லாம் கோடு போட்டு எழுதிட்டு வருவீங்களே, அதே மாதிரி இந்த வாசல்ல உக்காந்து எழுதித் தர்றீங்களா? ஆள் கேட்டு அலுத்துட்டேன். வர்றவங்க வேலை பழகினதும் பெரிய ஆஸ்பத்திரி கூப்பிட்டுக்குது."

"நான் எட்டாவதோட நின்னவ, டாக்டர்."

"கண்ணு தெரியுதுல்ல? யாருக்கு ரொம்ப முடியலையோ அவங்க பேரைச் சுழிச்சு முதல்ல அனுப்புங்க. யார் முன்னாடி வந்தாங்கன்னு எனக்கு வேண்டாம்."

நாலு வருஷம், வாசலில் நீங்கள் போட்டுக்கொடுத்த முக்காலியில் உட்கார்ந்தேன். உதடு வெளுத்திருக்கிறதா, பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்குகிறதா, குழந்தை அழுகிறதா, அழக்கூட முடியாமல் கிடக்கிறதா என்று பார்க்கப் பழகினேன். மாத்திரைக்கு வரும்போதெல்லாம் மீன்காரம்மா விடமாட்டாள். "மாமி, இன்னிக்கு உன் கூடை எத்தினியாவது நம்பரு?" எனக்கும் சிரிப்பு வர ஆரம்பித்திருந்தது.

கடைசி வருஷம், மூன்றே படி ஏறுவதற்குள் நீங்கள் இரண்டாவதில் நின்றீர்கள். கணுக்கால் வீங்கியிருந்தது. அதையும் பார்த்தேன்.

"யார்கிட்டயாவது காட்டிண்டேளா?"

"வெளியில இத்தனை பேர் இருக்காங்களே மாமி. எனக்குப் பதிலா உக்கார ஒருத்தரைக் காட்டுங்க, நாளைக்கே போறேன்."

நீங்கள் தேடாமல் இல்லை. இளம் டாக்டர்கள் இருவர் வந்தார்கள். ஒருத்தி மேல்படிப்புக்குப் போனாள், இன்னொருத்தர் சொல்லாமலே நின்றுவிட்டார். நானும் பேசாமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். இன்று நோட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். எத்தனையோ சிவப்புச் சுழிகள். சுழித்திருக்க வேண்டிய உங்கள் பெயர் ஒரு பக்கத்திலும் இல்லை.

கார்த்திகையில் ஒரு காலை உங்கள் மகள் போன் செய்தாள். அன்று மாலை மூடிய கதவுக்கு வெளியே நின்று, நீங்கள் இனி இல்லை என்று வந்த ஒவ்வொருவரிடமும் நான்தான் சொன்னேன். "அப்போ இனிமே எங்க போவறது மாமி?" என்று மீன்காரம்மா கேட்டாள். இப்போது அங்கே செல்போன் கடை.

இன்று அடையாறு பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம். கூடம் நிறையக் கூட்டம், திரையில் எண்கள். எங்கள் எண் வந்து உள்ளே போனோம். சின்னப் பெண் டாக்டர், எங்கள் மகளைவிட இளையவள். ரிப்போர்ட்டை வாங்கியவளின் உதடு வெளுத்திருந்தது.

"சாப்பிட்டேளா?"

"இன்னொரு டாக்டர் வரலம்மா, காலையிலேர்ந்து நான் ஒருத்திதான். வெளியில இத்தனை பேர் இருக்காங்களே. நீங்க சொல்லுங்க."

உங்கள் வார்த்தை, டாக்டர். அதே வார்த்தை. இந்தத் தடவை நான் பேசாமல் இருக்கவில்லை. இவருக்காக எடுத்துப்போன இட்லி டப்பாவைக் கூடையோடு மேஜையில் வைத்தேன்.

"இதைச் சாப்பிடுங்கோ. நான் வாசல்ல நிக்கறேன். ரொம்ப முடியாதவா யாராவது இருந்தா கதவைத் தட்டறேன்."

ரிப்போர்ட்டை ஓரமாக வைத்தாள். அப்புறம் டப்பாவைத் திறந்தாள்.

கூடை உள்ளே இருந்தது. நான் வெளியே நின்று, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.