சீசனுக்கு விட்ட அறை

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் முதுகுவலியும் அம்மாவின் சளியும் எப்படி இருக்கின்றன? நான் நலம். என் போனை வார்டன் வாங்கி வைத்திருப்பதால் இந்தக் கடிதம்.

பயப்பட ஒன்றுமில்லை. குற்றாலத்தில் சீசன். விடுதி அறைகளை அருவிக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, எங்களை வெல்டிங் ஷெட்டில் படுக்கச் சொன்னார்கள். கூரை ஒழுகுகிறது. பிரின்சிபாலுக்குப் புகார் எழுதினேன். "நீ முதல்ல கையெழுத்து போடுலே, நாங்க கீழ போடுதோம்" என்றான் என் அறைத்தோழன் கோமதிசங்கர். பன்னிரண்டு பேர் போட்டோம்.

வார்டன் கூப்பிட்டார். "சாரல்ல நனைய ஊரே காசு குடுத்து வருது. உனக்குச் சும்மா கிடைக்கு, கசக்குதோலே?"

மறுநாளே மற்ற பதினொரு பேரும் தெரியாமல் போட்டுவிட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். சங்கர் இப்போதும் என்னோடுதான் சாப்பிடுகிறான்; நிமிர்ந்து பார்ப்பதில்லை. நம்ம ஊர்ப் பக்கம் படித்தால் நம்ம ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றீர்கள். பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு ஜமுக்காளம் அனுப்புங்கள். அம்மா கையால் அரைத்த இட்லிப்பொடியும்.

நீங்கள் மன்னிப்புக் கடிதம் கொடுத்தால்தான் என்னைச் செய்முறைத் தேர்வு எழுத விடுவார்களாம். வார்டன் போனில் கேட்டதும் "சரி சார்" என்றுதான் சொல்வீர்கள். இந்த ஒரு தடவை, அதற்கு முன்னால், என் மகன் எழுதியது பொய்யா என்று அவர்களிடம் கேளுங்கள்.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது.

பிரணவ்