பலாமரத்து நிழலில் பூத்த லில்லி

அன்பு மகன் ரஞ்சித்துக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். சாமை விதைத்தாகிவிட்டது, மழை பரவாயில்லை. மனசுதான் ஒரே அருவருப்பாக இருக்கிறது, போனில் பேசினால் உன் மேல் கத்திவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

நீ சிக்கிம் பட்டாளத்தில் இருந்து விடுப்பில் வந்தபோது கொண்டுவந்த லில்லிக் கிழங்கை ஓடையோரம் பலாமரத்து நிழலில் வைத்தோம் இல்லையா, இத்தனை வருஷம் வெறும் இலையாக நின்றது இந்த ஆனியில் அப்பா தலைக்கு மேல் தண்டு விட்டு வெள்ளை வெள்ளையாகப் பூத்தது, வாசல் வரைக்கும் மணம். அப்பா அனுப்பிய படத்தை நீ ஊர்ப் பேரோடு எல்லாரும் பார்க்கிற மாதிரி போனில் போட்டாய். அதைப் பார்த்துவிட்டு ஆலங்காயம், வாணியம்பாடி என்று வண்டி வண்டியாக மலையேறி வந்து இறங்கிவிட்டார்கள். பாக்கைக் குதப்பி மரத்தடியிலேயே துப்புகிறார்கள், பிரியாணி எலும்பை ஓடையில் எறிகிறார்கள், ஒருத்தன் அந்த இலை மேலேயே ஒன்றுக்குப் போனான், அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வீட்டில் இருக்கிற உன் சின்னக்குழந்தை மாமா, அது சாமி என்று மஞ்சள் துணி சுற்றிக் கற்பூரம் கொளுத்தினார், இலை கருகியது. உன் அப்பாவோ வந்தவர்களுக்கெல்லாம் மோர் கொடுத்துப் பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு தடவை பூத்தால் அந்தக் கிழங்கு செத்துவிடும், அடியில் விடும் குட்டிக் கிழங்குகள்தான் மிச்சம் என்று நீதானே சொன்னாய். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன், வீடியோவுக்காக ஒரு பெண் செருப்புக் காலோடு அந்தக் குட்டிகளை நசுக்கிக்கொண்டு நிற்கிறாள். கொடுவாளை எடுத்துப் போய் எல்லார் கண்ணெதிரிலும் தண்டை வெட்டிச் சாய்த்தேன். "இனிமே இங்க இன்னா இருக்குது, போங்க" என்றேன். என் கை அழுகிப்போகும் என்றார் சின்னக்குழந்தை மாமா. சாய்ந்த தண்டில் இருந்த பூவுக்கும் அடித்துக்கொண்டு பிய்த்துப் போனார்கள் பாவிகள். இன்று காலை அப்பாவே கடப்பாரையோடு போய்ப் பிழைத்த குட்டிகளைத் தோண்டி எடுத்து, ஓடைக்கு அந்தப் பக்கம் புதர் மறைவில் நட்டுவிட்டு வந்தார். வந்து உன்னைத்தான் திட்டினார்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரக் காலுறையோடு தூங்காதே. மலையம்மன் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். நீ போட்ட அந்தப் படத்தை இது கிடைத்த அன்றைக்கே அழித்துவிடு. குட்டிகள் பூக்க இன்னும் பல வருஷம் ஆகும், பூத்தால் படம் வராது, நீயே வந்து பார்.

கோபம் தீராத உன் அம்மா,
பாஞ்சாலை