இஞ்சினுக்குத் துடக்கில்லை

மாமா,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக வீட்டுப் பின்பக்கக் கோடிக்குப் போனேன். தேநீருக்குக்கூட அடுப்பு மூட்டவில்லை. கையில் உங்கள் பெரிய ஸ்பனர். பொயிலரின் அடிக்குழாய் சுவருக்குள் நுழைகிற இடத்தில் இருக்கும் நட்டில் அதைக் கொளுவி, உடம்புப் பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினேன். நட்டு அசைந்தது. போன மழைக்கு நிரப்பிய தண்ணீர் இரண்டு சொட்டு என் புறங்கையில் விழுந்தது. துருவும் பழைய தாரும் கலந்த மணம். அந்த மணம் மூக்கில் ஏறியதும் நான் திரும்பிப் பார்த்தேன், மாமா. பின்னால் சாய்மனைக் கதிரையில் சாய்ந்திருந்துகொண்டு, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற மருமகளை எப்போதும் கூப்பிடுகிற மாதிரி, "ரீச்சர், ஆரைக் கேட்டுக் கழட்டுறியள்?" என்று நீங்கள் கேட்கப் போகிறீர்கள் என்றே நினைத்தேன்.

கழற்றச் சொன்னது என் ஐயா. போன கிழமை இணுவிலில் இருந்து வந்திருந்தார். சண்டை ஓய்ந்திருப்பதால் மண்ணெண்ணெய் மறுபடி கிடைக்கிறது. இத்தனை வருடம் சாக்கு மூடிக் கிடந்த, தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மெசினைத் துடைத்து ஓட்டிப் பார்த்தாராம். இரண்டாம் இழுவையிலேயே பிடித்ததாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். தோட்டத்தில் வெங்காயம் நட்டிருக்கிறார். மெசின் இருக்கிறது, கிணறு இருக்கிறது, குழாய்தான் இல்லை. குழாய் இங்கே நம் வீட்டு அறைச் சுவரோரம் இருக்கிறது.

"இனி என்னத்துக்குப் பிள்ளை உது? பேத்தி ஓடித் திரியிறாள். கழட்டி வை, ஞாயிற்றுக்கிழமை வந்து கொண்டுபோறன்" என்றார். உங்கள் மகனும், "ஓம், உங்கடை சாமான்தானே" என்றுவிட்டார். இரவல் வாங்கிய பொருளைத் திருப்பிக் கேட்கிறார்.

ஆனால் அந்தக் குழாய்கள் இந்த வீட்டுக்கு வந்த விதம் எனக்கு மறக்கவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு மார்கழி. முப்பத்தொன்பது வயதில், இனி இல்லை என்று நான் மனத்தைத் தேற்றிக்கொண்ட பிறகு வந்த பிள்ளை, இரண்டு மாதம் முந்திப் பிறந்துவிட்டாள். உங்கள் உள்ளங்கையில் தலை, முழங்கைக்குக் கிட்டக் கால், அவ்வளவுதான் அவள். ஆஸ்பத்திரியில் மின்சாரம் இல்லை. டொக்டர் என்னைப் பார்க்காமல் உங்களைப் பார்த்துச் சொன்னார்: "வீட்டை கொண்டுபோங்கோ. பிள்ளை இருக்கிற அறை இரவு பகல் ஒரே சூடாய் இருக்கவேணும். குளிர் பட்டால் தாங்காது. புகையும் படக்கூடாது, நெஞ்சு இன்னும் பிஞ்சு."

வல்வெட்டித்துறையில், கடலுக்கு ஒரு ஒழுங்கை தள்ளி இருக்கிற வீடு. வாடைக்காற்று ஓட்டுக்குள்ளாலும் யன்னலுக்குள்ளாலும் வந்து பாயை ஈரமாக்குகிற மாதம். மண்ணெண்ணெய் கண்ணால் காணக் கிடையாது. நெருப்பு வேண்டும், புகை வேண்டாம் என்றால் என்ன செய்வது? சேலைகளைச் சுற்றி அவளை என் நெஞ்சோடு கட்டிக்கொண்டு இருந்தேன். அவள் கால்விரல்கள் நீலம் பூத்திருந்தன. அதைப் பற்றி யாரோடும் கதைக்க எனக்குப் பயமாக இருந்தது.

அன்றைக்குத்தான் என் ஐயா முதன்முதலாக உங்கள் படலையைத் திறந்துகொண்டு வந்தார். தோட்டக்காரன் மகள் கடற்கரைக்கு வாழ்க்கைப்பட்டது பிடிக்காமல் எங்கள் கலியாணத்துக்கே வராதவர். இணுவிலில் இருந்து நனைந்து நனைந்து சைக்கிளில் வந்து, முற்றத்தில் நின்றபடி, "பிள்ளை எப்பிடி?" என்றார். நீங்கள் ஒரு துவாயை எடுத்து நீட்டினீர்கள். "முதல்லை தலையைத் துடையுங்கோ சம்பந்தி. சண்டையைப் பிறகு பிடிப்பம்."

பிடிக்கத்தான் செய்தீர்கள். ஐயாவுக்குத் தெரிந்த சூடு புகையிலையைப் புகைபோட்டுப் பாடம் பண்ணுகிற குடிலின் சூடு. அறையின் நாலு மூலையிலும் தேங்காய்ப் பொச்சுத் தணல் சட்டி வைத்தால் போதும் என்றார்.

"சம்பந்தி, பிள்ளையை வளக்கப்போறியளோ, பாடம் பண்ணப்போறியளோ?"

"அப்ப உங்கடை கப்பல் மூளையாலை ஒண்டு சொல்லுங்கோவன்."

சொன்னீர்கள். நீங்கள் வேலை செய்த, பனிக்கடலில் ஓடிய கப்பல்களில் இஞ்சின் அறை கீழே, ஆட்கள் படுக்கிற அறை மேலே. நெருப்பு மேலே வருவதில்லை, சுடுதண்ணீர்தான் குழாயில் வந்து அறையைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகும் என்றீர்கள். கோடியில் ஒரு பீப்பாய், கீழே விறகு நெருப்பு. மேல்குழாயால் சுடுதண்ணீர் அறைக்குள் வரும். ஆறிய தண்ணீர் அடிக்குழாயால் தானாகவே திரும்பும். பம்ப் வேண்டாம், கரண்ட் வேண்டாம். புகை வெளியிலேயே நின்றுவிடும். பீப்பாய்க்கு வழி இருக்கிறது, அடுப்புக் கட்ட முருகைக்கல் இருக்கிறது, களிமண் இருக்கிறது, குழாய்க்குத்தான் எங்கே போவது என்று நீங்கள் தாடையைச் சொறிந்தபோது, ஐயா துவாயைக் கொடியில் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். அடுத்த நாள் மத்தியானம் சைக்கிள் பாரில் நீட்டுக்குக் கட்டிய இரும்புக் குழாய்களோடு வந்து இறங்கினார். மெசின் சும்மாதானே கிடக்குது என்றார்.

பீப்பாய் தார்ப் பீப்பாயாக அமைந்ததுதான் வினை. எவ்வளவு சுரண்டியும் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருந்த தார் போகவில்லை. முதல் முதல் நெருப்பு வைத்ததும் கறுப்புப் புகை பனைக்கு மேலே எழும்பி நின்றது. புகையைக் கண்டால் குண்டு விமானம் தேடி வரும் என்று ஒழுங்கை முழுவதும் சனம் கத்தியது: "அணையுங்கோ அணையுங்கோ, பொம்மர் வரப்போகுது!" படலையை யாரும் திறக்கவில்லை, வேலியாலேயே வந்து குதித்தார்கள். ஆளுக்கொரு வாளி ஈரமண். நெருப்போடு சேர்த்து ஐயாவையும் மூடிவிட்டார்கள். தலையில் இருந்து மண்ணைத் தட்டிக்கொண்டு, "என்ரை குடில் எண்டால் இப்பிடியோ?" என்றார் ஐயா. நீங்கள் சிரித்த சிரிப்பு அறைக்குள் எனக்குக் கேட்டது. பிள்ளை பிறந்த பிறகு இந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு அது.

அன்று மழை இருண்டு கொட்டத் தொடங்கியதும், பொம்மர் வராத நேரம் பார்த்து, மிச்சத் தாரை எரித்து முடித்தீர்கள். பிறகு பனைமட்டையும், கிழங்கு எடுத்தபின் மிஞ்சுகிற பனங்கொட்டை ஓடான ஊமலும்தான் விறகு. புகை மெல்லிசாக வேலியோடு போய்விடும். பொழுதுபடும்போது அறைச் சுவரோரம் ஓடிய குழாயில் கை வைத்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு இளஞ்சூடு. பிறகு, கை வைத்தால் எடுக்க மனம் வராத சூடு. துணித் தொட்டிலான ஏணையை அதற்குப் பக்கத்தில் கட்டினோம். விடியும்போது அவள் கால்விரல்கள் சிவந்திருந்தன, மாமா. சிவந்த விரல்களை எண்ணிப் பார்த்துவிட்டு நான் குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதேன். நீங்கள் வாசலில் நின்று, "ரீச்சர், பசெஞ்சர் எப்பிடி?" என்று கேட்டீர்கள். அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர்.

இஞ்சினைப் பார்க்கக் கப்பல் முறைப்படி ஆட்களைப் பிரித்தீர்கள். அதற்கு 'வாச்' என்று பெயர் சொன்னீர்கள். முன்னிரவு உங்கள் மகனுக்கு. விடியப்புறம் உங்களுக்கு. விடிந்த பிறகு ஐயாவுக்கு. அவர் இணுவிலுக்குப் போகவேயில்லை. தண்ணீர் குறைந்தால் பீப்பாயின் மேல்வாயால் ஊற்றவேண்டும். அதுவும் மழைத் தண்ணீராக இருக்கவேண்டும். எங்கள் கிணற்றின் உவர்த்தண்ணீர் குழாய்க்குள் கல்லாகப் படிந்துவிடும் என்று வீட்டில் எல்லோரையும் ஏசிவைத்திருந்தீர்கள்.

உங்கள் அக்கா, எங்கள் பெரிய மாமி, அடுத்த வளவில் இருந்து வந்து பார்த்துவிட்டு முகவாயில் கை வைத்தா. பிள்ளை பிறந்த துடக்கு, அந்தத் தீட்டு, இன்னும் கழியவில்லை. பொயிலர் எரிவதோ வேப்பமரத்தடி வைரவர் சூலத்துக்கு நேரே.

"துடக்கு வீட்டு நெருப்பை வைரவருக்கு முன்னாலை மூட்டி வைச்சிருக்கிறியே தம்பி, உனக்கு விசரே?"

"அக்கா, உது அடுப்பில்லை. இஞ்சின். இஞ்சினுக்குத் துடக்கில்லை."

"ஆர் சொன்னது?"

"நடுக்கடலிலை ஆள் செத்தாலே இஞ்சினை நிப்பாட்டுறேல்லை. மேலை தேவாரம் படிப்பினம், கீழை நாங்கள் கரி அள்ளிப் போடுவம்."

பெரிய மாமி வைரவரிடம் ஏதோ முணுமுணுத்து உங்களுக்காக மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனா.

தை பிறந்து சில நாள். விடிந்ததும் வாச் மாற வந்த ஐயா, "சம்பந்தி எழும்புறார் இல்லை" என்று வாசலில் வந்து நின்றார். அவர் குரலைக் கேட்டே எனக்கு விளங்கிவிட்டது. நீங்கள் பொயிலருக்கு முன்னால் சாய்மனைக் கதிரையில் இருந்தீர்கள், கை இரண்டும் வயிற்றில். நெருப்பு நன்றாகப் பிடித்து எரிந்துகொண்டிருந்தது. புது மட்டைகள் வைத்துக் கொஞ்ச நேரந்தான் ஆகியிருக்கும் என்றார் ஐயா.

சாவு விழுந்த வீட்டில் நெருப்பு மூட்டக்கூடாது. சாப்பாடு அயலில் இருந்துதான் வரும். பெரிய மாமி ஒப்பாரிக்கு நடுவிலும் முறை மறக்காதவ. குசினி அடுப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தா. பிறகு வாளியோடு கோடிப்பக்கம் நடந்தா. நான் அறைக்குள் ஏணையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விடிந்ததிலிருந்து யாரும் விறகு வைக்கவில்லை. என் கைக்குக் கீழே குழாய் ஆறிக்கொண்டிருந்தது. வெளியே வாடைக்காற்று. இன்னும் பத்து நாளாவது அறை ஆறக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவளைத் தூக்கி நெஞ்சில் போட்டுக்கொண்டு கோடிக்கு ஓடினேன். பெரியவர்களுக்கு எதிர்ச்சொல் சொல்லிப் பழகாத நான், பொயிலருக்கு முன்னால் போய் நின்றேன்.

"ஊத்தாதேங்கோ மாமி. உது அடுப்பில்லை."

"பிள்ளையைக் கொண்டு உள்ளை போ."

"அவர் உங்களுக்குச் சொன்னவர். உது இஞ்சின். இஞ்சினுக்குத் துடக்கில்லை எண்டு. ஆள் செத்தாலும் நிப்பாட்டுறேல்லை எண்டு."

பெரிய மாமி வாளியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தா, பிள்ளையைப் பார்த்தா, பிறகு உங்கள் வெறுங் கதிரையைப் பார்த்தா.

"உயிரோடை இருக்கேக்கை ஒருநாள் அவனை வெல்ல முடிஞ்சதே எனக்கு? செத்தும் என்னை மடக்கிப்போட்டான்" என்றா. பிறகு வாளியைத் தூக்கிப் பீப்பாயின் மேல்வாய்க்கு நேரே கொண்டுபோனவ, சட்டென்று நின்றா. "இது கிணத்துத் தண்ணி. ஊத்தினனெண்டால் எழும்பி வந்து ஏசுவான். எங்கை உங்கடை மழைத் தண்ணி?"

உங்களுக்குக் கொள்ளி வைக்கவும் கிரியைகள் செய்யவும் உங்கள் மகன் போகவேண்டியிருந்தது. "சம்பந்தியின்ரை வாச்சையும் நானே பாக்கிறன்" என்றார் ஐயா. உங்களைச் சுடலைக்குக் கொண்டுபோனபோதும் அவர் போகவில்லை. தேவாரம் ஒழுங்கையில் தூரத் தூரப் போய்க்கொண்டிருந்தது. ஐயா ஒவ்வொரு ஊமலாக நெருப்பில் போட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் சொன்னது அப்படியே நடந்தது.

பசெஞ்சருக்கு இப்போது நாலு வயது. பொம்மையின் சட்டைகளைத் தோய்த்து அறைக்குழாயில்தான் காயப்போடுகிறாள், அது ஆறிக் கிடந்தாலும். "அப்பப்பாடை இஞ்சின்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறாள். மார்கழியில் ஒருநாள் குளிக்கத் தண்ணீர் சுடவைப்போம், அவ்வளவுதான். ஐயா சொல்வது சரி. இந்த வீட்டுக்கு இனி அது தேவையில்லை.

ஆனால் காலையில் நட்டைப் பிடித்துக்கொண்டு நின்றபோது வேலிக்கு அப்பால் பெரிய மாமியின் பேத்தி தெரிந்தாள். கிணற்றுக் கட்டில் ஒரு கையை ஊன்றி, மற்றக் கையால் இடுப்பைத் தாங்கி நின்றாள். வயிற்றில் ஆறு மாதம். இரட்டை என்று சொல்லியிருக்கிறார்கள். கால் இரண்டும் வீங்கியிருக்கிறது. இரட்டைப் பிள்ளைகள் நாள் பார்த்து வருவதில்லை. ஆஸ்பத்திரிக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. அவள் என்னைக் கண்டு, "என்ன ரீச்சர், விடியவே இஞ்சினோடை?" என்றாள். "சும்மா பாக்கிறன்" என்றேன்.

பருத்தித்துறைக் கடைகளில் புதுக் குழாய் வந்திறங்கியிருக்கிறது. சனிக்கிழமை போய் வாங்கிவருவேன். ஞாயிற்றுக்கிழமை ஐயா அதைத்தான் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவார். முதலில் முறுகுவார். பிறகு வேலிக்கு அப்பால் ஒரு தரம் பார்த்தார் என்றால், தானே வெங்காயத்தை விட்டுவிட்டு வந்து எந்த வாச் தனக்கு என்று கேட்பார்.

இன்னும் யாருக்கும் சொல்லவில்லை, உங்கள் மகனுக்கும் இல்லை. ஸ்பனரை மறுபடி கொளுவி, நட்டை வலப்பக்கம் திருப்பி, சொட்டு நிற்கும்வரை இறுக்கினேன். கையைத் துடைத்துவிட்டு அறைக்குள் போய், பொம்மைச் சட்டைகளைக் குழாயிலிருந்து எடுத்து மடித்து வைத்தேன். பிறகு மேலே கூரையின் குறுக்கு வளையைப் பார்த்தேன். ஏணை கட்ட அதில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, மாமா.